பொதுப்பணத்தில் புத்தாக்கம்: பலன் யாருக்கு?

ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கம் என்ற பெயரில் 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒன்றிய அமைச்சரவை 2025 ஜூலை 1 அன்று ஒப்புதல் அளித்தது. குறைந்த வட்டியில் அல்லது வட்டியே இல்லாத நீண்டகாலக் கடனாக இப்பணம் தனியார் நிறுவனங்களைச் சென்றடையும். 2020-21 கணக்கின்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதமே நம் நாட்டில் ஆராய்ச்சிக்குச் செலவாகிறது. அதில் தனியார் துறையின் பங்கு சுமார் 36 சதவீதம்தான். சீனாவிலும் தென்கொரியாவிலும் அது 70 சதவீதத்திற்கும் மேல். 2019இல் நிறுவன வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இப்போது மீண்டும் மக்கள் பணம்.

புத்தாக்கத்திற்கு அரசு துணை நிற்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்த நிபந்தனையுடன், யாருடைய நலனுக்காக என்பதே கேள்வி. இதற்குப் பெங்களூருவின் வரலாறே விடை தருகிறது.

பொதுத்துறை இட்ட அடித்தளம்

சில தொழில்முனைவோரின் மேதைமையால் பெங்களூரு வளர்ந்தது என்று முதலாளித்துவ ஊடகங்கள் ஓயாமல் எழுதுகின்றன. 1940இல் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948இல் ஐடிஐ, 1953இல் எச்எம்டி, 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1964இல் பிஇஎம்எல் ஆகியவை அவர்கள் கண்ணில் படுவதில்லை. விமானம், தொலைபேசி, இயந்திரக் கருவி, கைக்கடிகாரம், மின்னணுவியல் எனப் பல துறைகளிலும் திறன்மிக்க தொழிலாளர்களையும் பொறியாளர்களையும் உருவாக்கியவை இவையே. பீனியாவின் சிறு தொழிற்கூடங்களும் பின்னாளில் வந்த மென்பொருள் நிறுவனங்களும் இந்த அடித்தளத்தின் மீதுதான் எழுந்தன.

சி-டாட் இதற்குச் சிறந்த சான்று. 1984இல் அரசு நிறுவிய இந்த ஆய்வு மையம் டெல்லியிலும் பெங்களூருவிலும் இயங்கியது. அன்று பன்னாட்டு நிறுவனங்கள் விற்ற தொலைபேசி இணைப்பகங்களுக்குக் குளிரூட்டப்பட்ட அறைகள் தேவைப்பட்டன. சீரான மின்சாரமே இல்லாத நம் கிராமங்களுக்கு அவை பயன்படவில்லை. குளிரூட்டல் இன்றியே இயங்கும் 128 இணைப்புகள் கொண்ட இணைப்பகத்தை சி-டாட் பொறியாளர்கள் வடிவமைத்தனர். 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் அது நிறுவப்பட்டது. அத்தொழில்நுட்பம் ஒரே முதலாளியின் காப்புரிமையாக முடங்கவில்லை. பொதுத்துறை, தனியார் என்ற வேறுபாடின்றிப் பல உற்பத்தியாளர்களுக்கும் வழங்கப்பட்டது. பொதுக்கொள்கை ஒரு தொழில்துறை முழுவதையும் உயர்த்துவது இவ்வாறுதான்.

2025 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்ட பிஎஸ்என்எல் 4ஜி சேவையும் இதையே மெய்ப்பிக்கிறது. அதன் மையக் கட்டமைப்பு சி-டாட் உருவாக்கியது. அலைவரிசைக் கருவிகளைத் தந்தது பெங்களூருவின் தேஜஸ் நெட்வொர்க்ஸ். பொதுத்துறையின் கொள்முதல் இல்லையேல் இந்த உள்நாட்டுத் தொழில்நுட்பம் களம் கண்டிருக்காது. ஆனால் தேஜஸ் நிறுவனம் 2021 முதல் டாடா குழுமத்தின் பிடியில் உள்ளது. ஒருங்கிணைப்புப் பணியும் டிசிஎஸ் வசமே. தனியார் நிறுவனங்கள் 4ஜி சந்தையைக் கைப்பற்றும்வரை பிஎஸ்என்எல் காக்க வைக்கப்பட்டதையும் மறக்க இயலாது.

உழைப்பாளிக்கு என்ன?

இந்த நிறுவனங்களைக் கட்டியெழுப்பிய தொழிலாளர்கள் உரிமைகளைப் போராடியே பெற்றனர். 1980-81இல் பெங்களூருவின் பொதுத்துறைத் தொழிலாளர்கள் 77 நாட்கள் நடத்திய வேலைநிறுத்தம் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் தனியிடம் பெற்றது. நவதாராளமயம் அந்த நிறுவனங்களை முதலீடின்றி வாட விட்டது. 2016இல் எச்எம்டி கடிகார நிறுவனத்தை மூட ஒன்றிய அரசு முடிவெடுத்தது.

மறுபுறம், புத்தாக்கத்தின் பெயரால் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து கர்நாடக அரசு தொடர்ந்து விலக்கு அளித்து வந்துள்ளது. 2024இல் நாளொன்றுக்கு 12 மணி நேரத்திற்கும் மேல் வேலை வாங்க வழிசெய்யும் சட்டத்திருத்த முன்மொழிவும் வந்தது. கர்நாடக தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கமான கேஐடியு அதை எதிர்த்து ஊழியர்களைத் திரட்டியது. முன்மொழிவு கிடப்பில் போடப்பட்டது. பணிநேரத்தை நீட்டுவது புத்தாக்கம் ஆகாது. அது பழைய சுரண்டலே.

நிபந்தனை விதித்தால் தொழில் ஓடிவிடும் என்று அச்சுறுத்துகிறார்கள். செயலி வழித் தொழிலாளர்களுக்காக 2025இல் கர்நாடகம் இயற்றிய சட்டம், ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குத் தரப்படும் தொகையில் 1 முதல் 5 சதவீதத்தை நலநிதிக்கு நிறுவனங்கள் செலுத்த வகைசெய்கிறது. போதுமானது அல்ல என்றாலும், நிபந்தனை விதிக்க அரசால் முடியும் என்பதற்கு இது சான்று.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. பொதுநிதி பெறும் நிறுவனத்தில் அரசுக்குப் பங்குரிமை வேண்டும். அந்நிதியில் பிறக்கும் தொழில்நுட்பம் சிறு நிறுவனங்களுக்கும் கிடைக்க வேண்டும். தொழிலாளர் சட்டங்களுக்குக் கட்டுப்படாத நிறுவனத்திற்குச் சலுகை கூடாது. பொதுத்துறையின் ஆய்வுக்கூடங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் முதலில் நிதி ஒதுக்க வேண்டும். ஆலை வாயில்களிலும் தொழில்நுட்பப் பூங்காக்களிலும் இக்கோரிக்கைகளைக் கொண்டு செல்வது நம் கடமை.