பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

வீட்டில் ஒரு டீச்சர் இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதல்ல. இரவு எட்டரை மணி. அடுப்பில் தோசைக்கல். அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில் யாரோ ஒருவர் 'கற்றல் விளைவுகள்' பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார். தோசையைத் திருப்பும் கை, வீடியோ முடிந்ததும் 'அடுத்து' என்ற பொத்தானையும் ஒரு தட்டு தட்டிவிட்டு வரும். "என்னம்மா படம்?" என்று பிள்ளை கேட்டால், "படமில்லடா, ட்ரெய்னிங்!" என்று பதில் வரும்.

இந்த வாரம் அந்த ட்ரெய்னிங் பற்றித்தான் பேசப்போகிறோம். அதிலும் குறிப்பாக, பள்ளி நூலகத்தைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு அது என்ன தருகிறது, என்ன தரவில்லை என்று.

நூலகரே இல்லாத நூலகம்

கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற பள்ளிகளில் நூலகர் என்று தனிப் பணியிடம் உண்டு. நம் ஊர் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் அப்படிக் கிடையாது. தமிழய்யாவோ, வரலாற்று டீச்சரோ, யார் மறுக்கவில்லையோ அவர்தான் 'நூலகப் பொறுப்பு'. திண்டுக்கல் டவுனைத் தாண்டி வேடசந்தூர், சாணார்பட்டி, நிலக்கோட்டைப் பக்கம் போனால், பல இடங்களில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையின் ஓரத்தில் நிற்கும் இரண்டு பீரோதான்.

அந்த பீரோவுக்குப் பூட்டு உண்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஊரின் பெருமை அது, சந்தேகமே இல்லை. ஆனால், புத்தக பீரோவில் அது தொங்கும்போது மட்டும் மனசு வலிக்கிறது. பூட்டுவதற்குக் காரணம் ஆசிரியரின் கஞ்சத்தனம் அல்ல, பயம். ஒரு புத்தகம் காணாமல் போனால் இருப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கொடுக்காமலே இருந்துவிட்டால் கணக்கு சரியாக இருக்கும். பிள்ளைகள் படித்தார்களா என்று எந்தப் பதிவேடும் கேட்பதில்லை.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் பார்த்த பிரச்னையும் ஏறக்குறைய இதுதான். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆளரவம் இல்லாத அந்த வேலை சில நாட்களிலேயே அவருக்குச் சலித்துவிட்டது. லண்டனுக்குப் பயிற்சிக்குப் போய் வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே வகுப்பறையில் மட்டும் உட்காராமல், நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்குள் புகுந்து புறப்பட்டார். திரும்பி வந்தவர் நூலகத்தை விடவே இல்லை. 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளை இன்றும் உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது முதல் விதியின் சாரம். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டிவைத்திருந்த கதையையும் அவர் சொல்லியிருக்கிறார். அங்கே சங்கிலி, இங்கே பூட்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு நல்ல பயிற்சி ஒரு மனிதரை எப்படி மாற்றும் என்பதற்கு அவரைவிட நெருக்கமான உதாரணம் நமக்கு வேண்டியதில்லை.

செல்போனுக்குள் வந்த பயிற்சி

ஆசிரியர்களுக்கான 'தீக்‌ஷா' தளம் 2017 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டின் புதிய பாடப் புத்தகங்களில் க்யூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்ட்டில் 'நிஷ்டா' என்ற தேசிய ஆசிரியர் பயிற்சி நேரடி வகுப்பாகத் தொடங்கியது. கொரோனா வந்து பள்ளிகளைப் பூட்டியதும், 2020 அக்டோபரில் அதே பயிற்சி 18 பாடப் பகுதிகளாக தீக்‌ஷாவுக்குள் வந்துவிட்டது. முடித்தால் சான்றிதழ்.

இதில் நல்லது இருக்கிறது. முன்பெல்லாம் நத்தம் பக்கத்து டீச்சர் ஒருவர், ஒட்டன்சத்திரத்தில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்குப் போக வேண்டுமென்றால், விடியற்காலையில் கிளம்பி திண்டுக்கல்லில் பஸ் மாற வேண்டும். கைக்குழந்தை இருந்தால் அம்மாவையோ மாமியாரையோ கெஞ்ச வேண்டும். இப்போது அந்த அலைச்சல் இல்லை. ஒரு பாடம் புரியவில்லையென்றால் திரும்பவும் ஓடவிட்டுப் பார்க்கலாம்.

இழப்பும் இருக்கிறது. நேரடிப் பயிற்சியில் உண்மையான பாடம் பல சமயம் டீ இடைவேளையில்தான் நடக்கும். "அக்கா, இந்த பாஸ்வேர்டை எங்க போடறது?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம். அவர் போனை வாங்கிக் காட்டிக் கொடுப்பார். வீடியோவிடம் அப்படிக் கேட்க முடியாது. அதனால்தான் 'அடுத்து, அடுத்து' என்று தட்டிக்கொண்டே போய்ச் சான்றிதழ் வாங்குவதில் பலருக்கும் அது முடிந்துவிடுகிறது. சான்றிதழ் கோப்பில் ஏறுகிறது. பீரோ பூட்டியபடியே இருக்கிறது.

எம்பி3 கொடுத்த நூலகம்

அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் சார்லட் என்று ஒரு நகரம். அந்த ஊர்ப் பொது நூலகத்தில் 2006-இல் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஹெலன் புளோவர்ஸ், தன் ஊழியர்களுக்கு ஓர் ஆன்லைன் பயிற்சியை வடிவமைத்தார். பெயர் ரொம்ப எளிமை, '23 விஷயங்கள்'.

அதில் பாடம் நடத்துவது மிகக் குறைவு. ஒரு வலைப்பூ தொடங்கு, ஒரு போட்டோவை இணையத்தில் ஏற்று, ஒரு ஒலிப்பதிவைத் தேடிக் கேள் என்று 23 சின்னச் சின்ன வேலைகள். ஒன்பது வாரம் அவகாசம். எப்போது செய்வது என்பது அவரவர் வசதி. ஒவ்வொன்றையும் செய்து பார்த்து, என்ன தோன்றியது என்று நாலு வரி எழுத வேண்டும். முடித்தவர்களுக்கு ஓர் எம்பி3 பிளேயர் பரிசு.

இந்த முறை பல நாட்டு நூலகங்களுக்குப் பரவியது. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் பள்ளி நூலகர் சங்கம், பள்ளி நூலகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஏற்றபடி அதை மாற்றி நடத்தியது. அது வெற்றி பெற்றதற்குக் காரணம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'பார்' என்று சொல்லாமல், 'செய்' என்று சொன்னது.

நம்மிடமும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2017-இல் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவதற்கு ஆசிரியர்களுக்கு மாவட்டந்தோறும் பயிற்சி தரப்பட்டது. அங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்து கட்டுரையை ஏற்றினால்தான் கற்றதாக அர்த்தம். தன் ஊரைப் பற்றித் தானே எழுதிய பக்கம் திரையில் தெரியும்போது வரும் சந்தோஷத்தை எந்தச் சான்றிதழாலும் தர முடியாது.

நம் டீச்சருக்கு ஆறு விஷயங்கள்

23 வேண்டாம். நூலகப் பொறுப்பு வைத்திருக்கும் ஓர் ஆசிரியருக்கு வாரத்துக்கு ஒன்று என ஆறு வேலைகள் போதும். போன் ஒன்று இருந்தால் செய்துவிடலாம்.

1. தமிழில் பேசித் தட்டச்சு செய்வது. போனின் கீபோர்டில் தமிழைச் சேர்த்து, மைக் படத்தைத் தட்டிப் பேசினால் எழுத்தாக வரும். ஒற்றுப் பிழைகளை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். மற்ற எல்லா வேலைக்கும் இதுதான் சாவி.

2. இரவல் பதிவேட்டை கூகுள் ஷீட்டில் போடுவது. ஆறே கட்டங்கள்: வரிசை எண், தலைப்பு, எழுத்தாளர், எடுத்த மாணவர், எடுத்த நாள், திரும்பி வந்த நாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தலைப்பை வாசிக்க, டீச்சர் அதையே மைக்கில் சொல்லலாம். பீரோவில் 300 புத்தகம் இருந்தால், நாளுக்கு 20 வீதம் 15 பள்ளி நாட்களில் முடிந்துவிடும். நூலகங்களுக்கென்றே நியூசிலாந்தில் உருவான 'கோஹா' போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பரிசு' என்று பொருள். ஆனால் இரண்டு பீரோவுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை.

இந்த இரண்டாவது வேலைதான் மிக முக்கியம். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று ஒரு நொடியில் தெரிந்தால், தொலைந்துபோகும் என்ற பயம் பாதியாகக் குறையும். பயம் குறைந்தால் பூட்டு திறக்கும். கூடவே இன்னொன்றும் தெரியவரும்: எந்தப் புத்தகத்தைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், எது தொடப்படாமலே கிடக்கிறது என்று. அடுத்த முறை நூல் தேர்வு பற்றிப் பேச்சு வரும்போது, டீச்சரிடம் ஆதாரம் இருக்கும்.

3. கதைகளை இறக்குவது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பர் 8-ஆம் தேதி தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். இறக்கலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொன்னால் போதும். நம் பள்ளிக் கல்வித் துறையின் 'வாசிப்பு இயக்க'ப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்திருப்பதோடு இவற்றைச் சேர்த்துப் படிக்கக் கொடுக்கலாம்.

4. பழைய நூல்களைத் தேடுவது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலக்கியங்கள் இலவசமாக இருக்கின்றன. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவும்.

5. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தைச் சோதிப்பது. கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டால், அது முன்பு எங்கே, எப்போது வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒரு வதந்தியைப் பிள்ளைகளோடு சேர்ந்து துப்பறியலாம். புத்தகம் எடுத்துக் கொடுப்பதைப்போல, உண்மையைத் தேடிக் கொடுப்பதும் இனி நூலகத்தின் வேலைதான்.

6. பிள்ளைகளின் விவரத்தைக் காப்பது. மாணவர் பெயர் உள்ள அந்த ஷீட்டை யாரும் திறக்கும்படி விடக்கூடாது. ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது. பிள்ளைகளின் போட்டோவைச் சொந்த ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொதுவிதியாகவே வைத்திருக்கிறது.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

எத்தனை பேர் முடித்தார்கள் என்ற பட்டியலோடு, எத்தனை புத்தகங்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பின என்ற பட்டியலையும் கேளுங்கள். பயிற்சியைத் தோசைக்கல் நேரத்துக்குத் தள்ளாமல், பள்ளி நேரத்தில் வாரம் ஒரு பீரியட் ஒதுக்குங்கள். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சேர்த்து, தயங்காமல் போன் போட்டுக் கேட்கக்கூடிய ஓர் ஆசிரியரை அடையாளம் காட்டுங்கள். தொலைந்த டீ இடைவேளையை இப்படித்தான் திரும்பக் கொடுக்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, படித்துப் படித்துக் கிழிந்த புத்தகத்துக்கு டீச்சரிடம் விளக்கம் கேட்காதீர்கள். அது அந்த நூலகம் நன்றாக நடக்கிறது என்பதற்கான அடையாளம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும்

நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கப் போகும் அம்மாக்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் ஷிப்ட் பார்க்கும் அப்பாக்கள் பிள்ளை தூங்கிய பிறகுதான் வருவார்கள். அந்த வீடுகளில் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுக்கக் காசும் கம்மி, நேரமும் கம்மி. அந்தப் பிள்ளைக்குப் பள்ளி பீரோவை விட்டால் வேறு நூலகம் கிடையாது. நம் வீட்டு டீச்சர் இரவில் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு சின்ன விஷயமும் அந்தப் பிள்ளையின் கைக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே, கல்லூரிக்குப் போகும் மகன்களே, மகள்களே! அம்மா ஷீட்டைத் திறக்கத் தெரியாமல் தடுமாறும்போது, "இங்க குடும்மா, நானே பண்ணிடறேன்" என்று போனைப் பிடுங்காதீர்கள். போன் அம்மா கையிலேயே இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே தட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். நான்கு தடவை கேட்டாலும் ஐந்தாவது தடவையும் சொல்லுங்கள். உங்களுக்கு 'அ' எழுதக் கற்றுக் கொடுக்கும்போது அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

அந்த நேரத்தில் தோசையை யாராவது திருப்பிப் போட்டால் இன்னும் நல்லது.