பானையில் உப்பு போடுங்கள்

ஜூன் 3, உலக சைக்கிள் தினம். ஐ.நா. சபை 2018இல் அறிவித்த நாள். அன்று காலை புதுச்சேரியிலிருந்து முப்பது நாற்பது பிள்ளைகள் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஏம்பலம் வழியாகப் பாகூர் ஏரிக்கரைக்குப் போனார்கள். பார்க்கவே மனம் குளிர்ந்தது. நானும் என் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கரிக்கலாம்பாக்கம் வழியாக ஏரிக்கரை வரை கூடவே போய் வந்தேன். முடிந்ததும் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று. ஒரு வாய் குடித்தேன், சர்க்கரைப் பாகுதான். அப்போது பிடித்த எரிச்சல் இதை எழுதும்வரை தணியவில்லை.

கிளம்பும் முன்பும் வந்த பின்பும் எடை பார்த்திருந்தேன். ஒரு கிலோ இருநூறு கிராம் குறைந்திருந்தது. கிட்டத்தட்ட எல்லாமே வியர்வைதான். குறைந்த ஒரு கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் வீதம், சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவம் சொல்லும் கணக்கு. வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்தால் பாதி சிறுநீராகப் போய்விடும். கூடவே உப்பும் சேர்ந்தால்தான் நீர் உடம்பில் தங்கும். கால் தசையில் தீர்ந்த சத்துக்குச் சோறு, இட்லி, வாழைப்பழம். தசை தேற முட்டை, சுண்டல், தயிர். இதற்குமேல் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை.

உப்பும் இனிப்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டியவர் நம் நாட்டு மருத்துவர், திலீப் மஹலானபிஸ். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பன்காவில் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கலந்து டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் வீட்டாரையே குவளையில் மொண்டு குடிக்கக் கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதத்தைத் தொட்ட சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. குடல் சுவரில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு போகிறது, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. அவ்வளவுதான் சூத்திரம். 2022இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டுதான் பத்ம விபூஷண் வந்தது. இனிப்பு அளவு மீறினால் இதே குடல் தண்ணீரை எதிர்ப்பக்கம் இழுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அந்த அளவுக்கு ஒத்துவராத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் தடுத்தது.

டாக்காவில் ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். குளுக்கோசுக்குப் பதில் அரிசி மாவைக் காய்ச்சி உப்பு சேர்த்துக் கொடுத்தார்கள். காலரா நோயாளிகளுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி! படித்தபோது என் ஆயாவின் மண்சட்டிதான் கண்முன் வந்தது.

அன்று பாட்டிலை வைத்துவிட்டு வயல் வழியே வீட்டுக்கு வந்தேன். சொர்ணவாரி நெல்லுக்குக் களை எடுத்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். “இன்னா தம்பி, மூஞ்சி வாடிக் கெடக்குது? நீச்சத்தண்ணி குடிக்கிறியா?” என்றார் ஒரு அக்கா. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த புழுங்கலரிசிச் சோறு, காலையில் புளித்து, மோரும் கல்லுப்பும் சேர்த்துக் கரைத்தது. கடித்துக்கொள்ள இரண்டு சின்ன வெங்காயம். ஒரு சொம்பு குடித்ததும் கண் தெளிந்தது. தண்ணீர், உப்பு, அரிசியின் மாவுச்சத்து, மோரின் புரதம் எல்லாம் அந்த ஒரு சொம்பில் இருந்தன. சென்னை ஸ்டான்லி மருத்துவமனை பழைய சோற்றை ஆராய்ச்சிக்கு எடுத்ததில் எனக்கு வியப்பே இல்லை. (வாந்திபேதி கண்ட குழந்தைக்கு மட்டும் இதை நம்பி இருக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஆஸ்பத்திரியும்தான்.)

அந்த அக்கா ஐந்தரை மணிக்கே வயலில் இறங்கியவர். என்னைவிட அதிகம் வியர்த்திருப்பார். பின்னால் இரண்டு பால் கேனைக் கட்டிக்கொண்டு வில்லியனூருக்கு மிதிக்கிற பெரியவரும் அப்படித்தான். அவர்கள் வேலை முடித்ததும் பாட்டில் கொடுக்க யாரும் வருவதில்லை. அவர்களுக்காகத்தான் நம் ஊர்களில் தண்ணீர்ப் பந்தல் வந்தது. சித்திரையில் கொடியும் பேனருமாகத் திறப்பார்கள். முதல் நாள் தர்பூசணி, மோர், ரோஸ்மில்க். மூன்றாம் நாள் வெறும் தண்ணீர். பத்தாம் நாள் கவிழ்த்து வைத்த பானை. கத்திரி முடிந்த கையோடு கீற்றையும் பிரித்துவிடுகிறார்கள். ஜூன் மாத வெயில் யாருக்காகவும் குறைந்து அடிப்பதில்லை. பாகூர் போகும் வழியில் நான் பார்த்த இரண்டு பந்தலிலும் மூங்கில்தான் மிச்சம். சாராயக்கடை மட்டும் தவறாமல் திறந்திருக்கிறது. வியர்த்து வந்த உடம்பில் சாராயம் இருக்கிற நீரையும் வெளியேற்றிவிடும்.

பந்தல் போடுகிறவர்களே, ரோஸ்மில்க்கை விடுங்கள். அந்தக் காசில் நொய்க் கஞ்சியைக் கரைத்து மோர் ஊற்றி, நாக்கில் தெரிகிற அளவு உப்பு போட்டுப் பானையில் வையுங்கள். அன்றன்று காய்ச்சி, கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். ஆடி பிறக்கும்வரை பந்தலைப் பிரிக்காதீர்கள். எங்கள் கூட்டுரோட்டில் யாராவது ஆரம்பித்தால் முதல் மூட்டை நொய் நான் தருகிறேன்.