கொடிக்காலை மட்டுமே நம்பியிருப்பவர்கள் எத்தனை பேர்? 3 வட்டம் போட்டால் தெரியும்!

2023-ல் புவிசார் குறியீடு பெற்றது சோழவந்தான் வெற்றிலை. கொடிக்காலில் நோய் விழுந்தால், கைகொடுக்க நெல்லோ தென்னையோ இல்லாத விவசாயிகள் எத்தனை பேர்? நிவாரணம் பேசும்போது இதுதான் முதல் கேள்வி.

ஒரு பேச்சுக்கு 100 பேரிடம் கேட்கிறோம். நெல் 60, தென்னை 45, வெற்றிலை 30. கூட்டினால் 135! ஒரே ஆளை ரெண்டு, மூணு தடவை எண்ணிட்டோம், அவ்வளவுதான்.

நெல்லும் தென்னையும் 20, தென்னையும் வெற்றிலையும் 12, நெல்லும் வெற்றிலையும் 15, மூன்றும் 7. ஒன்பதாம் வகுப்பு 'கண மொழி' பாடத்தில் வரும் வென்படம்தான் இது. நடுவில் 7-ஐ முதலில் எழுதணும். பலர் சறுக்குவது இங்கேதான்: 12, 15 ரெண்டுக்குள்ளேயும் அந்த 7 பேர் இருக்காங்க. ஆக வெற்றிலை வட்டத்தில் 5, 8, 7 போக மிச்சம் 10.

பட்டியலில் 30 பேர் இருந்தாலும், கொடிக்கால் போனால் முழுசா நிற்கதியாவது இந்த 10 பேர்தான்.