தப்பில் யாருக்கு எத்தனை சதவீதம்?

ஒரு வண்டி இன்னொரு வண்டியின் பின்னால் போய் இடித்துவிட்டால், ரோட்டோரம் கூடும் கூட்டம் ரெண்டே நிமிஷத்தில் தீர்ப்பு சொல்லிவிடும். "பின்னால வந்து இடிச்சவன் மேலதானுங்க தப்பு!" பொள்ளாச்சி ரோடோ பழனி ரோடோ, உடுமலையைச் சுற்றி எங்கே நடந்தாலும் இதுதான் சட்டம். ஆனால் நம்ம கோயம்புத்தூரில் நடந்த ஒரு விபத்தில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறது.

2017 ஜனவரி 7. இருபது வயது இன்ஜினியரிங் மாணவர் ஒருவர் பைக்கில் போகிறார். முன்னால் போன கார் திடீரென்று பிரேக் போடுகிறது. பைக் காரின் பின்னால் மோத, அவர் கீழே விழ, பின்னால் வந்த பஸ் அவர் மேல் ஏறிவிடுகிறது. இடது காலையே எடுக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருவது போல இருந்ததால் நிறுத்தினேன் என்றார் கார் ஓட்டியவர்.

யார் மேல் தப்பு? மூன்று இடத்தில் மூன்று பதில்.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்: மாணவர் 20, பஸ் 80, கார் 0.
உயர் நீதிமன்றம்: மாணவர் 30, பஸ் 30, கார் 40.
உச்ச நீதிமன்றம் (2025 ஜூலை): மாணவர் 20, பஸ் 30, கார் 50.

நெடுஞ்சாலையில் வண்டிகள் வேகமாகத்தான் வரும், நிறுத்த நினைப்பவர்தான் பின்னால் வருபவருக்கு சிக்னல் கொடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சரியான பேச்சு. அப்போது அமலில் இருந்த 1989-ம் வருட சாலை விதிகளில் இரண்டுமே உண்டு: முன் வண்டிக்கு இடைவெளி விட வேண்டும், பாதுகாப்புக் காரணம் இல்லாமல் சடாரென்று பிரேக் போடக் கூடாது. நம் கூட்டத்துக்கு முதல் விதி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது!

இது வெறும் எண் விளையாட்டு இல்லை. உச்ச நீதிமன்றம் கணக்கிட்ட மொத்த இழப்பீடு சுமார் 1 கோடியே 14 லட்சம். 20 சதவீதம் கழித்து மாணவருக்குக் கிடைத்தது சுமார் 91 லட்சம். உயர் நீதிமன்றத்தின் 30 சதவீதமே நின்றிருந்தால் இதில் 11 லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கும். ஒரு சதவீதத்தின் விலை ஒரு லட்சத்துக்கும் மேல்.

இதே பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த பயணிக்கு அடிபட்டிருந்தால் கதையே வேறு. அவர் மேல் தப்பு இல்லை, அதனால் கழிவும் இல்லை. முழுத் தொகையையும் தப்பு செய்த எந்த ஒரு தரப்பிடமும் கேட்கலாம். அவர்கள் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். 2015-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. நாம் படிக்கும் பார்ட்னர்ஷிப் மாதிரிதான். கடன் கொடுத்தவர் எந்தப் பார்ட்னரிடமும் முழுசாக வசூலிக்கலாம். பங்கு விகிதம் பார்ட்னர்களின் தலைவலி.

என் குறை ஒன்றே ஒன்றுதான். அக்கவுண்ட்ஸ் பரீட்சையில் விடை மட்டும் எழுதி வொர்க்கிங் நோட்ஸ் போடாவிட்டால் நமக்கு மார்க் கிடையாது. ஆனால் ஒரு மனிதனின் கால் போன கணக்கில் 20, 30, 50 என்று விடை மட்டும் வருகிறது. மாணவர் இடைவெளி விடவில்லை, லைசென்ஸும் இல்லை என்று சேர்த்துத்தான் சொல்லப்பட்டது. இதற்கு எவ்வளவு, அதற்கு எவ்வளவு? பிரித்துச் சொல்லவில்லை.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது தப்புதான். அதற்குத் தனியாக தண்டனை இருக்கிறது, கொடுங்கள். ஆனால் லைசென்ஸ் இருந்திருந்தால் மட்டும் கார் பிரேக் போடாமல் போயிருக்குமா? ஒரு பைக்கில் மூன்று பேர் போன வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது: விதியை மீறியது மட்டும் போதாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பு இருந்தால்தான் இழப்பீட்டைக் குறைக்கலாம். அதே அளவுகோல் எல்லா வழக்குக்கும் வேண்டும்.

எஃப்.ஐ.ஆர்., இடத்தின் வரைபடம், வண்டி ஆய்வு அறிக்கை, பார்த்தவர்களின் சாட்சி... இவற்றிலிருந்துதான் சதவீதம் பிறக்கிறது. எந்தச் செயலுக்கு எத்தனை, ஏன் என்று தீர்ப்பாயமே முதல் தீர்ப்பில் வரிவரியாக எழுதட்டும். எழுதினால் மேல்முறையீட்டில் எந்த வரி தப்பு என்று விரல் வைத்துக் காட்டலாம். கார் 0-லிருந்து 50-க்கு வந்து சேர எட்டரை வருஷம் ஆகியிருக்கிறது. காலை இழந்த ஒருவர் காத்திருக்கக் கூடிய காலமா அது?