அத்தையின் மாத்திரை

"பக்கத்து வீட்டம்மாவுக்கு ஊசி, டிரிப்ஸ், முடியெல்லாம் கொட்டிடுச்சு. எனக்கு மட்டும் ஏன் தினம் ஒரே ஒரு மாத்திரை? ரெண்டு பேருக்கும் நுரையீரல்லதானே?"

தேக்கா சந்தையில், தே தாரிக் ஆறுவதற்குள் அத்தை கேட்ட கேள்வி இது. வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை அவர். வானொலியில் நாள்தோறும் மூன்று மணி நேரம் பேசுகிற எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படித்தேன்.

புற்றுநோய்க்கு நாம் உறுப்பின் பெயரைத்தான் வைக்கிறோம். மருத்துவர்களோ, கட்டிக்குள் எந்த மரபணு மாறியிருக்கிறது என்றும் பார்க்கிறார்கள். அத்தையின் கட்டியில் மாறியிருந்தது இஜிஎஃப்ஆர். உயிரணுவை 'வளர்' என்று ஏவும் சுவிட்ச் அது, அணையாமல் சிக்கிக்கொண்டது. நுரையீரல் புற்றுநோயில் இந்த மாற்றத்தை 2004ல்தான் கண்டுபிடித்தார்கள். கிழக்காசியர்களிடம், அதிலும் புகைபிடிக்காத பெண்களிடம், இது அதிகம். இந்தியர்களிடமும் உண்டு. அத்தையின் மாத்திரை அந்தச் சுவிட்சை அணைக்கிறது. பக்கத்து வீட்டம்மாவின் கட்டியில் என்ன மாறியிருந்ததோ, நமக்குத் தெரியாது.

கதை இத்துடன் முடிந்தால் நன்றாயிருக்கும். ஆனால் மரபணுக்கள் தனித்தனியாக வேலை செய்வதில்லை. வடகிழக்கு ரயில் பாதையில் கோளாறு என்றால் நாம் என்ன செய்வோம்? லிட்டில் இந்தியாவில் இறங்கி டௌன்டவுன் பாதைக்கு மாறுவோம். கொஞ்சம் தாமதமானாலும் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். புற்றுநோயும் அப்படித்தான். இஜிஎஃப்ஆர் பாதையை அடைத்தால், சில கட்டிகள் மெட் என்ற மரபணுவைப் பெருக்கிக்கொண்டு அந்த வழியாக வளர்கின்றன. அதனால்தான் ஆய்வாளர்கள் மரபணுப் பின்னல் முழுவதையும் வரைந்து பார்க்கிறார்கள். எதை அடைத்தால் எந்த வழி திறக்கும், எந்த இரண்டைச் சேர்த்து அடைக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே.

இதில் என்னை உட்கார வைத்த ஆய்வு நம் ஊருடையது. சிலருக்கு மட்டும் இந்த வகை மாத்திரைகள் ஏன் சரியாகக் கேட்பதில்லை? டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியும் சிங்கப்பூர் மரபணு ஆய்வுக் கழகமும் சேர்ந்து தேடி, 2012ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் விடையை வெளியிட்டன. பிம் என்றொரு மரபணு. மாத்திரை சுவிட்சை அணைத்த பிறகு, உயிரணுவைச் சாகச் சொல்வது அதன் வேலை. கிழக்காசியர்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினருக்குப் பிறவியிலேயே அந்த மரபணுவில் ஒரு துண்டு இல்லை. சுவிட்ச் அணைகிறது, ஆனால் சாகச் சொல்லும் கட்டளை சரியாகப் போவதில்லை. ஐரோப்பியர், ஆப்பிரிக்கர் மாதிரிகளில் இந்தக் குறை காணப்படவில்லை. அங்கே மட்டும் தேடியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது! ஆய்வுக்கூடத்தில் பிம் செய்யவேண்டிய வேலையைச் செய்யும் இன்னொரு மருந்தைச் சேர்த்ததும், அடம்பிடித்த உயிரணுக்கள் மடிந்தன.

ஆக, கட்டியின் வரைபடம் மட்டும் போதாது. அம்மா அப்பாவிடமிருந்து வந்ததையும் பார்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு இதையெல்லாம் அத்தையிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி. அந்த மேப்புல நம்ம ஆளுங்க இருக்காங்களா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் தயாராகப் போயிருந்தேன். 2019ல் வெளியான சிங்கப்பூர் ஆய்வில் 4,810 பேரின் மரபணுத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டது. அதில் இந்தியர்கள் 1,127 பேர். அதன் பிறகு வந்த திட்டத்தின் இலக்கு 100,000 பேர். சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் அதில் உண்டு. உலகின் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதால், இந்த எண்ணிக்கை எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

அத்தைக்குத் தெரிந்தது. "ஆயிரத்து நூத்திச் சொச்சம்தானா? நம்ம கல்யாணத்துக்கே அவ்வளவு பேரு வருவாங்க."

வரும் மாதம் அடுத்த ஸ்கேன். மாத்திரை இன்னும் கேட்கிறதா என்று அப்போது தெரியும். என் காலை நிகழ்ச்சி முடிந்த கையோடு நான்தான் கூட்டிப்போகிறேன்.