பனிமலையில் மாட்டியவர்களை மீட்பது யார்?

நமது ஊர்களில் பனி என்றால் மார்கழி விடியலில் வரப்பில் நடக்கும்போது காலை நனைக்கிற பனிதான். இமயமலையில் விழுவது வேறு பனி. ஒரே இரவில் நாலடி, ஐந்தடி என்று கொட்டும். வீட்டுக் கதவை அடைக்கும். சாலை எது, பள்ளம் எது என்று தெரியாமல் மூடிவிடும். நிற்கிற மோட்டார் வண்டியைப் பஞ்சுப் பொதிக்குள் வைத்த மாதிரி புதைத்துவிடும். அப்படிப் புதைந்த வண்டிகளில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றுவது பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

"கார் வைத்திருக்கிறவன் உல்லாசமாக மலைக்குப் போய் மாட்டிக்கொண்டால், ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் என்ன வந்தது?" என்று தோழர்கள் சிலர் கேட்கக் கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2022 ஜனவரி 7-ந் தேதி இரவு. பாகிஸ்தானில் முர்ரீ என்ற மலைநகரம். எங்கோ எட்டாத மூலையில் இருக்கிற ஊரல்ல. வெள்ளைக்காரன் தன் பட்டாளத்துக்காக உண்டாக்கிய குளிர் வாசஸ்தலம். சுமார் 7,500 அடி உயரம். தலைநகர் இஸ்லாமாபாத்திலிருந்து நல்ல நாளில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பனி விழுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் போனார்கள். அன்றிரவு பனி நாலடிக்கு மேல் கொட்டியது. மரங்கள் முறிந்து சாலையில் விழுந்தன. சுமார் ஆயிரம் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. மறுநாள் 22 பேர் பிணமாக எடுக்கப்பட்டார்கள். அவர்களில் 10 பேர் குழந்தைகள். எட்டுப் பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.

குளிரில் விறைத்துச் செத்தவர்கள் மட்டுமல்ல, விஷப்புகையால் செத்தவர்களும் உண்டு என்று அதிகாரிகளே சொன்னார்கள். இதைத் தோழர்கள் புரிந்துகொள்வது நல்லது. குளிர் தாங்காமல் வண்டியின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, சூட்டுக் காற்றைத் திறந்துவிடுகிறார்கள். வெளியே பனி ஏறி சைலன்சர் குழாயை அடைத்துக்கொள்கிறது. வெளியேற வழியில்லாத புகை வண்டிக்குள்ளேயே திரும்புகிறது. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கம் வருகிற மாதிரி வரும். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாது. ஜன்னலைச் சாத்திய அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத கதை நமது ஜனங்களுக்கும் தெரிந்ததுதான். அதே வாயு. குழாயைச் சுற்றியுள்ள பனியை அடிக்கடி அகற்ற வேண்டும், எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டிப் பிறகு நிறுத்திவிட வேண்டும், கண்ணாடியை ஒரு விரல் அளவாவது இறக்கி வைக்க வேண்டும் என்று அந்த ஆயிரம் வண்டிகளில் இருந்தவர்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் சில குழந்தைகளாவது பிழைத்திருக்கும்.

யார் சொல்லியிருக்க வேண்டும்?

பனி திடீரென்று வரவில்லை. கடும் பனி கொட்டப் போகிறது, சாலைகள் அடைபடலாம் என்று அந்நாட்டு வானிலை இலாகா முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அந்தச் சமயத்தில் சர்க்கார் என்ன செய்துகொண்டிருந்தது? வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தது! ஜனவரி 5-ந் தேதி அப்போதைய தகவல் மந்திரி பவாத் சௌத்ரி பெருமையோடு ஒரு செய்தி வெளியிட்டார். ஒரு லட்சம் வண்டிகள் வரை முர்ரீக்குள் வந்துவிட்டனவாம். ஓட்டல் வாடகை பல மடங்கு ஏறிவிட்டதாம். சாதாரண மனிதனின் வருமானமும் செழிப்பும் பெருகிவிட்டதை இது காட்டுகிறதாம். வாடகை ஏறினால் வாடகை கொடுக்கிறவன் செழித்துவிட்டானாம்! அரிசி விலை ஏறியதால் கூலிக்காரன் வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இப்படிக் கணக்குப் போடத் தெரிந்த மந்திரிகளுக்கு நமது தேசத்திலும் பஞ்சமில்லை.

சாவு விழுந்த பிறகு அப்போதைய பிரதம மந்திரி இம்ரான் கான் பேசினார். முன் கண்டிராத பனி என்றார். வானிலையைப் பாராமல் ஜனங்கள் கூட்டமாகப் புறப்பட்டு வந்துவிட்டார்கள் என்றார். செத்தவன் மேலேயே பழி. ஒரு லட்சம் என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு அடிவாரத்தில் ஒரு கம்பத்தைக் குறுக்கே போட்டு வண்டிகளை நிறுத்தத் தெரியவில்லை.

பிறகு விசாரணை நடந்தது. அதில் வெளிவந்த ஒரு விஷயம் நெஞ்சைச் சுடுகிறது. பனி தள்ளும் வண்டிகள் இல்லாமலில்லை, 29 இருந்தன. அவற்றில் 20 ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை இயக்க வேண்டிய ஆட்கள் இடத்தில் இல்லை. மில்லில் தீயணைக்கும் வாளிகளை எல்லாம் மானேஜர் அறையில் அடுக்கிவிட்டுப் புளோ ரூமில் தீப்பிடிக்கும்போது ஓடித் தேடுகிற நிர்வாகத்தை நமது தோழர்கள் பார்த்திருப்பார்கள். அதே நிர்வாகம்தான் இது. மலைப்பாதையில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றுவிட்டால் அப்புறம் யந்திரம் உள்ளே நுழையாது. வண்டி நகராமல் யந்திரம் போகாது. யந்திரம் போகாமல் வண்டி நகராது. ஆகவே, பனி விழும் முன்பே யந்திரங்களை வழி நெடுகப் பிரித்து நிறுத்த வேண்டும். ஷிப்டு போட்டு ராப்பகல் ஆள் வைக்க வேண்டும். இது பெரிய விஞ்ஞானம் அல்ல. 15 உத்தியோகஸ்தர்கள் மீது நடவடிக்கை எடுத்ததாக மாகாண சர்க்கார் அறிவித்தது. வாடகை ஏறியதைக் கண்டு பூரித்த மந்திரி அந்தப் பட்டியலில் இல்லை.

பனியில் தவித்த ஜனங்களிடம் வாய்க்கு வந்த வாடகை கேட்ட ஓட்டல்காரர்களைப் பற்றி அந்நாட்டு ஜனங்கள் கொதித்துப் பேசினார்கள். சில ஓட்டல்களுக்கு அதிகாரிகள் பிற்பாடு சீல் வைத்தார்கள். அதே ஊரில், தங்கள் வீட்டைத் திறந்துவிட்டு, கம்பளியும் சூடான உணவும் கொடுத்த ஏழை எளியவர்களும் இருந்தார்கள். அவர்கள் ஒரு காசு கேட்கவில்லை.

வேறு விதமாகவும் நடக்க முடியும் என்பதற்கு நமது நாட்டிலேயே சாட்சி உண்டு. 2018 டிசம்பர் 28-ந் தேதி சிக்கிமில், 14,000 அடிக்கு மேல் இருக்கும் நாதுலா கணவாய்ப் பக்கத்திலிருந்து திரும்பிய நூற்றுக்கணக்கான வண்டிகள் பனியில் நின்றுவிட்டன. சுமார் 2,500 பேர். பெண்கள், குழந்தைகள், வயோதிகர்கள். கூலிக்கு வண்டி ஓட்டும் டிரைவர்களும் அவர்களில் உண்டு. அந்தப் பாதையில் போவது பெரும்பாலும் வாடகை வண்டிதான். ராணுவ ஜவான்கள் அவர்களை வண்டியிலிருந்து இறக்கி, தாங்கள் படுக்கிற பாரக்குகளைக் காலிசெய்து கொடுத்து, சூடாகச் சாப்பாடு போட்டு, மூச்சுத் திணறியவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். புல்டோசர்கள் வந்து வழி திறந்தன. முர்ரீயைவிட மிக அதிக உயரம். அதைவிடக் கொடிய குளிர். ஆயினும் ஆளும், அடுப்பும், கூரையும் பக்கத்திலேயே இருந்தன. மனிதர்களை முதலில் கூரைக்குள் கொண்டு போனார்கள்; வண்டிகளைப் பிறகு பார்த்துக்கொண்டார்கள்.

ஜவான்களைப் பத்திரிகைகள் பாராட்டின. நியாயமே. அவர்கள் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். ஆனால் பத்திரிகைப் படத்தில் வராத ஒருவன் அந்த மலைகளில் இருக்கிறான். அவன் சாலைத் தொழிலாளி. நமது தோழர்கள் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கிறது.

எல்லைப்புறச் சாலை ஸ்தாபனம் 1960-ல் ஏற்பட்டது. இமயத்தின் உச்சிச் சாலைகளைப் போடுவதும் பனி நீக்கித் திறப்பதும் அதன் வேலை. காஷ்மீரத்தையும் லடாக்கையும் இணைக்கும் ஜோஜிலா போன்ற கணவாய்களில் பனி வீட்டுச் சுவரை மிஞ்சி நிற்கும். அதை அறுத்துச் சாலை திறப்பதை யந்திரம் மட்டும் செய்துவிடுவதில்லை. யந்திரத்தின் பின்னால் மண்வெட்டியோடு தினக்கூலிகள் போகிறார்கள். ஜார்க்கண்டின் தும்கா பக்கத்து ஆதிவாசி விவசாயத் தொழிலாளிகள் தலைமுறையாக இந்த வேலைக்குப் போகிறவர்கள். சொந்த ஊரில் நிலமும் வேலையும் போதாமல், ஆள்பிடிக்கும் மேஸ்திரியின் பின்னால் ஆயிரக்கணக்கான மைல் போய், காற்றே மெலிந்த உயரத்தில் கல் உடைக்கிறார்கள்; பனி வெட்டுகிறார்கள்.

2025 பிப்ரவரி 28-ந் தேதி விடியற்காலையில் என்ன நடந்தது? உத்தரகண்டில் பத்ரிநாத்துக்கு அப்பால் மாணா கிராமத்துக்குப் பக்கத்தில், சாலையில் பனி நீக்குவதற்கென்று வைத்திருந்த 54 தொழிலாளர்கள் இரும்புக் கண்டெய்னர்களில் படுத்திருந்தார்கள். பனிச்சரிவு வந்து அனைத்தையும் மூடியது. ராணுவத்தினரும் மற்றவர்களும் மார்ச் 2 வரை தோண்டி 46 பேரை உயிரோடு மீட்டார்கள். எட்டுப் பேர் மாண்டார்கள். முந்தின நாள் மாலையிலேயே அந்தச் சமோலி மாவட்டத்துக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடப்பட்டிருந்தது! 2021 ஏப்ரலில் இதே மாவட்டத்தில் சும்னா அருகில் இதே ஸ்தாபனத்தின் முகாம் மீது பனி சரிந்து பத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் செத்திருந்தார்கள். அதற்குப் பிறகும் பனி சரியும் சரிவின் கீழே ஆட்களைப் படுக்க வைத்தது யார்? எச்சரிக்கைக் காகிதம் எந்த மேஜையில் கிடந்தது?

முர்ரீயில் எச்சரிக்கை வந்தும் வண்டிகள் நிறுத்தப்படவில்லை. மாணாவில் எச்சரிக்கை வந்தும் முகாம் மாற்றப்படவில்லை. அங்கே மாட்டியவன் ஊர் பார்க்க வந்தவன். இங்கே புதைந்தவன், ஊர் பார்க்க வருகிறவனுக்கும் பட்டாளத்துக்கும் வழி திறந்து வைக்கிறவன்.

பனிச்சரிவு இறங்கும் இடங்கள் எவை என்பது மலைவாசிகளுக்குத் தெரியும். விஞ்ஞானிகளிடம் வரைபடமும் உண்டு. அந்த இடங்களில் தொழிலாளர் முகாம் கூடாது. எச்சரிக்கை வந்த மணியிலிருந்து முகாம் காலியாக வேண்டும். காலி செய்த நாட்களுக்கும் கூலி உண்டு என்று எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்டிராக்டர் நகர விடமாட்டான். கம்பளி உடுப்பு, பூட்ஸ், புதைந்த ஆளைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோக் கருவி ஆகியவை ஜவானுக்குக் கிடைப்பதைப் போலவே தினக்கூலிக்கும் கிடைக்க வேண்டும். இறந்தால் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு என்பது கண்டிராக்டரின் தயவில் நிற்கக் கூடாது.

2020-ல் லடாக்கில் தவித்த தும்கா தொழிலாளர்களை ஜார்க்கண்ட் சர்க்கார் விமானத்தில் ஊருக்குக் கொண்டுவந்தது. அதன்பின் மீண்டும் ஆள் அனுப்பும்போது, இடைத்தரகர் கூடாது, கூலி நேராகத் தொழிலாளியின் பாங்குக் கணக்கில் சேர வேண்டும் என்று எல்லைப்புறச் சாலை ஸ்தாபனத்தோடு பேசி முடிவு செய்தது. அந்த முடிவு எந்தெந்த முகாமில் நடைமுறையில் இருக்கிறது, எந்தெந்த முகாமில் மேஸ்திரியின் பையிலேயே பாஸ் புத்தகம் இருக்கிறது என்ற கணக்கை, முகாம் முகாமாக, மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் வைக்கட்டும்.