குளிர்நாட்டு வாழையும் தூய்மைவாதிகளும்

குளிர்நாடுகளில் வீட்டின் பின்புறத்தில் வாழையும் கல்வாழையும் விசிறிப்பனையும் நட்டு, வெப்பமண்டலச் சாயலில் தோட்டம் வளர்ப்பவர்கள் மீது இரு திசைகளிலிருந்து கல் விழுகிறது. 'அந்தந்த மண்ணுக்கு உரியதே அங்கு வளர வேண்டும்' என்பது ஒரு திசை. 'காய்க்காத வாழை என்ன வாழை?' என்பது மற்றொன்று. வாழையோடு வளர்ந்த நம்மவரின் ஏளனம் பெரும்பாலும் இரண்டாம் வகை. இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்றே சொல்ல வேண்டும். தோட்டத்தை ஒரு பிறப்புச் சான்றிதழாகப் பார்க்கிறார்களே ஒழிய, ஓர் ஆக்கமாகப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியில் கிரேட் டிக்ஸ்டர் என்றொரு இல்லம் உண்டு. புது தில்லியை வடிவமைத்த எட்வின் லட்யென்ஸ் 1910களின் தொடக்கத்தில் விரிவாக்கித் தந்த வீடு. அங்கே அவர் வகுத்த ரோஜாத் தோட்டத்தை 1990களின் தொடக்கத்தில் வேரோடு அகற்றிவிட்டு, வாழையும் கல்வாழையும் டாலியாவும் மண்டிய தோட்டம் ஒன்றை உருவாக்கினார் அவ்வீட்டின் உரிமையாளரும் தோட்டக்கலை எழுத்தாளருமான கிறிஸ்டோபர் லாயிட். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். ரோஜாக்களோ ஒரே மண்ணில் நெடுங்காலம் நின்று நோயுற்றிருந்தன. ஆனாலும் மரபுக் காவலர்கள் பதறினார்கள்.

எதை இழந்ததற்காக இந்தப் பதற்றம்? 'ஆங்கில' ரோஜா மீண்டும் மீண்டும் பூப்பது, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் சீனத்திலிருந்து வந்த இனங்களின் கொடை. அயலிலிருந்து வந்தது நூறாண்டு தாக்குப்பிடித்துவிட்டால் மரபு. நேற்று வந்தால் பாசாங்கு. உதகையில் 1840களின் இறுதியில் தாவரவியல் தோட்டம் அமைத்து ஐரோப்பியக் காய்களையும் பூக்களையும் வளர்த்தபோது அதை யாரும் போலி என்று சொல்லவில்லை, நாகரிகம் என்றார்கள். வாழை எதிர்த்திசையில் பயணம் செய்தால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது?

காய்க்காத வாழையைப் பழிப்பவர்களுக்கு ஜப்பானிய ஹைக்கூ மரபே விடை தருகிறது. 1681 வாக்கில், இன்று டோக்கியோ எனப்படும் எதோ நகரின் ஓரத்தில், ஒரு கவிஞரின் குடிலருகே சீடர் ஒருவர் வாழைக்கன்று நட்டார். அந்த வாழையின் பெயரையே கவிஞர் தன் பெயராக்கிக்கொண்டார். 'பாஷோ' என்றால் வாழை. அது உண்ணத்தக்க கனி தரவில்லை. காற்றில் எளிதில் கிழியும் இலைக்காகவும் அதன் பயனின்மைக்காகவுமே அவர் அதை நேசித்தார். பந்தியில் விரிக்க முடியாத இலைக்கும் ஒரு வாழ்வு உண்டு என்பதை ஏற்க நமக்குத்தான் மனமில்லை.

இத்தகைய தோட்டம் ஒரு மொழிபெயர்ப்பு. மூலத்தை அப்படியே தூக்கிவந்து கண்ணாடி வீட்டுக்குள் சூடேற்றிக் காப்பது வேறு வேலை. இங்கே மழைக்காட்டின் செறிவை, இலையின் அகலத்தை, ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரியும் பச்சையை, அந்நிலம் தாங்கும் செடிகளைக் கொண்டே சொல்லியாக வேண்டும். ஆகவேதான் தென்சீனத்து வாழையும் உறைபனி தாங்கும் சீன விசிறிப்பனையும் அங்கே முதன்மை பெறுகின்றன. கடும் உறைபனியில் காப்பில்லாத வாழைத்தண்டு அழுகும்; தழைமூட்டத்தின் கீழே கிழங்கு பிழைத்திருக்கும். வசந்தம் முதிர்கையில் பக்கக்கன்று எழும். 'வாழையடி வாழை' என்ற வாழ்த்து நம் ஊரைவிட அங்கேதான் கடும் சோதனையைத் தாண்டி மெய்யாகிறது.

இதனால் எல்லா அயல்செடியும் புனிதமாகிவிடாது. சிலியிலிருந்து வந்த குன்னேரா அயர்லாந்தின் மேற்குக் கரையில் நிலத்தை விழுங்குகிறது. சுவிட்சர்லாந்தின் டிசினோ காடுகளில் பறவைகள் பரப்பிய விதையால் அதே விசிறிப்பனை அடர்ந்து பரவ, 2024 செப்டம்பர் முதல் அந்நாட்டில் அதன் விற்பனை தடைசெய்யப்பட்டது. நல்ல மொழிபெயர்ப்பாளன் எந்தச் சொல் தன் மொழியைச் சிதைக்கும் என்று அறிந்திருப்பான். தோட்டக்காரனுக்கும் அப்பொறுப்பு உண்டு. ஆனால் இது ஒவ்வொரு செடியையும் அந்தந்த நிலத்தில் வைத்து ஆராயச் சொல்லும் வாதமே தவிர, பிறப்பிடம் கேட்டு விரட்டும் வாதமன்று. பிரித்தானியத் தோட்டக்கலைச் சங்கம் விஸ்லியில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உணர்த்துகிறது: மகரந்தம் தேடும் பூச்சிகள் உள்நாட்டுச் செடிகளையும் அவற்றுக்கு நெருங்கிய இனங்களையும் அதிகம் நாடின, உள்நாட்டுப் பூக்கள் ஓய்ந்த பின்பருவத்தில் அவற்றுக்கு உணவளித்து உதவியவை அயல்செடிகள்.

செடியிடம் கேட்க வேண்டிய கேள்வி 'நீ எந்த ஊர்?' என்பதன்று. 'இங்கே உன்னால் யார் வாழ்கிறார்கள், யார் சாகிறார்கள்?' என்பதே. மனிதர்களிடமும் முதல் கேள்வியையே கேட்டுப் பழகிய சமூகங்களுக்கு இரண்டாவது கேள்வி கடினமானதுதான்.